கொதித்தால் வெளுக்கும் கஞ்சி

அத்தியாயம் 9

குற்றவாளி தானாக வந்து ஒப்புக்கொண்டுவிட்டான். துப்பறியும் தொழிலில் இதைவிடக் கெட்ட செய்தி கிடையாது.

"போச்சு நம்ம பொழப்பு," என்றேன். "எல்லாரும் இப்படி யோக்கியனா மாறிட்டா, நாம மெட்டுகுடா முனையில மிர்ச்சி பஜ்ஜிதான் போடணும் மேடம்."

வித்யாலட்சுமி சிரிக்கவில்லை. பாபு கைப்பட எழுதிக் கொடுத்த கடிதத்தை மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

நான் சுந்தரேசன். முப்பத்து நாலு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகனாக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டில் இருந்தால் என் மனைவி சாந்தா கீரை ஆயச் சொல்கிறாள் என்ற ஒரே காரணத்துக்காக வித்யாலட்சுமியிடம் உதவியாளனாகச் சேர்ந்தேன். அவள் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைத் துருவிக்கொண்டிருந்தவள். என்னைவிட இருபத்து மூன்று வயது சிறியவள். அவள் என்னை சார் என்பாள், நான் அவளை மேடம் என்பேன். யார் முதலாளி என்பதில் இருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

எங்கள் கட்சிக்காரர் தேவசகாயம், லாலாகுடா ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். அவருடைய மகள் ஷர்மிளாவுக்கு எட்டு வயது. அவளுடைய எலும்பு மஜ்ஜை ரத்தம் உண்டாக்குவதை நிறுத்திவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு தம்பி பிறந்தபோது, அவனுடைய தொப்புள்கொடி ரத்தத்தை ஒரு பையில் பிடித்து, ஹப்சிகுடாவில் இருக்கும் 'ஜீவதுளி' என்ற வங்கியில் உறைய வைத்திருந்தார்கள். அந்தப் பையன் பத்து மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டான். பை மட்டும் இருந்தது. அக்காவுக்கு அது அச்சு அசலாகப் பொருந்தியது. அதை ஏற்றினால் நூற்றுக்கு எண்பது பிழைப்பாள் என்று டாக்டர் சொன்னார்.

ஏற்றுவதற்கு முன்னால், பையில் உள்ள செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று ஒரு சோதனை. பையோடு ஒட்டியிருக்கும் குழாயில் ஒரு துண்டை வெட்டி எடுத்து ஜீவதுளியிலேயே செய்தார்கள். பதில் பூஜ்யம்.

எவனோ தப்புப் பண்ணியிருக்கிறான், யாரென்று கண்டுபிடியுங்கள் என்று செவ்வாய்க்கிழமை எங்களிடம் வந்தார் தேவசகாயம். நாங்கள் கண்டுபிடிப்பதற்குள் வியாழக்கிழமை மாலை பாபுவே அவருடைய குவார்ட்டர்ஸுக்கு வந்து, இந்தக் கடிதத்தைக் கொடுத்து, காலில் விழுந்துவிட்டான். பாபு ஜீவதுளியில் பாட்டில் கழுவுகிற அட்டெண்டர். தேவசகாயத்தின் பால்ய சிநேகிதன். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவரை அந்த வங்கிக்குக் கூட்டிப்போனதே அவன்தான்.

அவன் சொன்னபடி சோதனையைத்தான் அவன் கெடுத்தான் என்றால் செல்கள் உயிரோடு இருக்கலாம். இன்னொரு குழாய்த் துண்டு மிச்சம் இருக்கிறது. மறுபடி சோதிக்கலாம். ஆனால் அதற்குப் பதினாலு நாள் ஆகும்.

ஷர்மிளாவுக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு வழியையும் டாக்டர் சொல்லியிருந்தார். அப்பாவின் மஜ்ஜை பாதிதான் பொருந்துகிறது, நூற்றுக்கு முப்பதுதான், ஆனால் நாளைக்கே ஆரம்பிக்கலாம். இன்று வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும்.

காலையில் போனில் தேவசகாயம் கேட்டது ஒன்றுதான். அவருடைய குடும்பம் லாலாகுடாவுக்கு வந்து மூன்று தலைமுறை ஆகியும் நாக்கு திருநெல்வேலியை விடவில்லை.

"பாபு சொன்னது நெசந்தானான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்கம்மா. நெசம்னா நான் எண்பதுக்குக் காத்துக் கெடக்கேன்."

வித்யாலட்சுமி கடிதத்தை என்னிடம் நீட்டினாள். "சத்தமா வாசிங்க சார்."

வாசித்தேன். "பிந்து மேடம் செய்துவைத்த கஞ்சி பாட்டில் என் கை தவறி உடைந்துவிட்டது. பயந்துபோய் நானே பொடியைத் தண்ணீரில் கரைத்தேன். பச்சைத் தண்ணீரில் பால் மாதிரி வெள்ளையாக நின்றது. அடுப்பில் வைத்துக் காய்ச்சினேன். கொதி வந்ததும் கண்ணாடி மாதிரித் தெளிந்து கெட்டியானது. அதை வேறு பாட்டிலில் ஊற்றி வைத்தேன். அந்தக் கஞ்சி கெட்டதால்தான் குழந்தையின் செல் வளரவில்லை. இப்படிக்கு, பாவி பாபு."

"கஞ்சின்னா என்ன சார்?"

"கைக்கு, எதுக்கு மேடம் என்னைக் கேக்குறீங்க? ஜுரம் வந்தாக் குடிக்கிறது."

"லேப்ல யாருக்கு ஜுரம்?" என்றபடி கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

ஜீவதுளி ஹப்சிகுடாவில் ஒரு டிபன் சென்டருக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. மேனேஜர் ஜெகநாதன் எங்களைக் கண்டதும் எழுந்து நின்று, எலுமிச்சை ஜூஸ் வரவழைத்தார்.

"அட்டெண்டர் மிஸ்டேக் மேடம். நாங்களே ஒத்துக்கறோம். ரீ-டெஸ்ட் எங்க செலவு. எந்தக் கம்பெனி இப்படி ஒத்துக்கும், சொல்லுங்க?"

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. வெளியே வந்ததும் நான் சொன்னேன். "டிக்கெட் இல்லாம மாட்டிக்கிட்டவன் அழுவான், இல்ல சண்டை போடுவான். சிரிச்சுக்கிட்டே 'ஃபைன் போடுங்க சார்'னு சொல்றவனை நான் நம்பினதே இல்ல. அவன் பெட்டியில வேற ஏதோ இருக்கும்."

"பெட்டியை அப்புறம் திறப்போம். முதல்ல டிக்கெட்டைப் பார்ப்போம்."

பிந்துவுக்கு இருபத்தாறு வயது இருக்கும். சோதனை செய்தவள் அவள்தான். ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்துச் சாய்த்துக் காட்டினாள். உள்ளே இருந்தது தெளிவாக, தேன் மாதிரி மெதுவாக நகர்ந்தது.

"நாங்க இதைக் கஞ்சின்னுதான் சொல்வோம் மேடம். பேரு மீத்தைல் செல்லுலோஸ். செடி, மரத்துல இருக்கற நார்லேர்ந்து பண்றது. ருசி கிடையாது, சத்து கிடையாது. கெட்டியா இருக்கறது மட்டும்தான் இதோட வேலை."

"எங்க வீட்டு மாப்பிள்ளை மாதிரி," என்றேன்.

பிந்து சிரித்துவிட்டாள். "செல்லுக்கு வேண்டிய சத்தை நாங்க தனியா கலப்போம் அங்கிள். தண்ணியில விட்டா செல் எல்லாம் அலைஞ்சு ஒண்ணோட ஒண்ணு கலந்துடும், எது யாரோட பிள்ளைன்னு தெரியாது. சின்னத் தட்டுல கஞ்சியை ஊத்தி அதுல விட்டா விழுந்த இடத்துலயே நிக்கும். அங்கேயே பெருகும்."

"அப்ப தண்ணி ஜெனரல் கம்பார்ட்மென்ட். கஞ்சி ரிசர்வேஷன்."

"கரெக்ட்! பதினாலு நாள்ல ஒவ்வொரு செல்லும் ஒரு குடும்பம் ஆயிடும். மைக்ராஸ்கோப்ல பார்த்தா கொத்துக் கொத்தா தெரியும். குடும்பத்தை எண்ணினா, பையில எத்தனை உயிரோட இருந்துச்சுன்னு தெரிஞ்சுடும்."

"ஷர்மிளா தம்பியோட தட்டுல?" என்றாள் வித்யாலட்சுமி.

பிந்துவின் சிரிப்பு நின்றது. "ஒண்ணுமில்ல மேடம். காலி குவார்ட்டர்ஸ்."

"பூஞ்சை, அழுக்கு?"

"அதுவும் இல்ல. தட்டு சுத்தமா இருந்துச்சு. சும்மா காலி."

வித்யாலட்சுமி அந்தப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு அவள் கேட்டது எனக்கு வேடிக்கையாக இருந்தது. "கொதிக்கிற வெந்நீர் கிடைக்குமா?"

டீ போடுகிற கெட்டிலிலிருந்து வெந்நீர் வந்தது. பிந்து ஒரு சிறு கண்ணாடிக் குழாயில் கஞ்சியை ஊற்றி வெந்நீருக்குள் நிறுத்தினாள். இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. தெளிவாக இருந்த கஞ்சி கலங்கி, வெளுத்து, திரண்டுவிட்டது. குழாயைக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை.

"இட்லி!" என்றேன்.

"இப்ப பாருங்க." குழாயை ஐஸில் செருகினாள். பத்து நிமிஷத்துக்குள் வெள்ளை கரைந்து மறுபடி தெளிந்தது, மறுபடி தேன் மாதிரி நகர்ந்தது.

"வீட்டுக் கஞ்சிக்கு நேர் ஆப்போசிட் மேடம். சூட்டுல வெளுக்கும், குளிர்ல தெளியும். பொடியை வெந்நீர்ல தூவிட்டு, ஐஸ்ல வெச்சு மணிக்கணக்கா சுத்த விட்டாத்தான் கண்ணாடி மாதிரி ஆகும். புதுசா வேலைக்கு வர்றவங்க மொத நாள் கொதிக்க வெச்சுட்டு, திரிஞ்சு போச்சுன்னு கொட்டிடுவாங்க. நானே கொட்டியிருக்கேன்."

"கொதி வந்ததும் கண்ணாடி மாதிரித் தெளியறதுக்கு?"

"சான்ஸே இல்ல."

நான் தொடையைத் தட்டிக்கொண்டேன். "புடிச்சாச்சு மேடம்! அந்தப் பய அந்தப் பொடியைக் கையாலகூடத் தொட்டதில்ல. வீட்டுக் கஞ்சியை நெனச்சுக்கிட்டு லேப் கஞ்சிக்குப் பொய் எழுதியிருக்கான். கஞ்சிங்கற பேரு அவனைக் கவுத்துருச்சு. சாயம் வெளுத்துப் போச்சு!"

முப்பத்து நாலு வருஷத்தில் போலி டிக்கெட்டுகள் எத்தனையோ பிடித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் இந்த சந்தோஷம் வரும். வித்யாலட்சுமிக்கும் வரும், பார்த்திருக்கிறேன். இன்று அவள் ஐஸில் நின்ற அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சார்," என்றாள். "பாபு கஞ்சியைக் கெடுக்கலைன்னா, கஞ்சி நல்லா இருந்திருக்கு."

"ஹவ், ஆமா."

"கஞ்சி நல்லா இருந்தும் தட்டு காலி."

தட்டிய கை தொடையிலேயே நின்றுவிட்டது. இப்படி ஒரு வெற்றியை என் ஜென்மத்தில் நான் வெறுத்ததில்லை. எங்கள் கெட்டிக்காரத்தனத்தால் தேவசகாயத்தின் எண்பது செத்துவிட்டது. பிந்துவுக்கும் புரிந்திருக்க வேண்டும். அவள் கெட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆட்டோவில் மெட்டுகுடாவில் பாபுவின் தெரு வரும் வரைக்கும் நான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. மணி இரண்டரை.

பாபு வீட்டு வாசலில் கொடியில் ஐந்து வெள்ளைச் சட்டைகள் விறைத்துக்கொண்டு தொங்கின. வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்ட மனிதன் ஆறாவது சட்டையை ஒரு அலுமினியப் பாத்திரத்தில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தான். நாற்பத்தைந்து வயது, ஒல்லி. போட்டிருந்த சட்டையின் காலர் தட்டினால் சத்தம் வரும் போல இருந்தது. எங்களைக் கண்டதும் எழுந்தான்.

"உக்காருங்க பாபு. வேலையைப் பாருங்க," என்றாள் வித்யாலட்சுமி. "என்ன கஞ்சி அது?"

"ஜவ்வரிசி மாவு மேடம். மைதா போட்டா சட்டை மஞ்சளடிக்கும்."

"எப்படிக் காய்ச்சுவீங்க?"

"அது ஒண்ணும் பிரமாதம் இல்ல மேடம். பச்சைத் தண்ணியில கரைச்சா பால் மாதிரி வெள்ளையா நிக்கும். அடுப்புல வெச்சு, கொதி வந்ததும் கண்ணாடி மாதிரி..."

அங்கேயே நிறுத்திவிட்டான். அவன் சொன்னது அவன் காதிலேயே விழுந்துவிட்டது. கை மட்டும் கஞ்சிக்குள் சட்டையைப் பிடித்தபடி இருந்தது.

"லேப் கஞ்சி கொதிச்சா வெளுத்துடும் பாபு," என்றாள் அவள், கோபமே இல்லாமல். "நீங்க அதைக் காய்ச்சவே இல்ல."

எனக்குக் கோபம் இருந்தது. "அந்த மேனேஜர் என்னடா குடுத்தான் உனக்கு? ஒரு அப்பனை ஏமாத்தறதுக்கு?"

"நக்கோ சார், அப்படிச் சொல்லாதீங்க. அவர் ஒண்ணும் குடுக்கல. நானா பண்ணேன். அவருக்கு அது தோதாப் போச்சு, அவ்வளவுதான்." அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கஞ்சிக்குள் விழுந்தது. "பையில உசுரு இல்ல மேடம். எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும்."

ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டான். பைகளை வைத்திருக்கும் பெரிய தொட்டியில் திரவ நைட்ரஜனை அடிக்கடி ஊற்றி நிரப்ப வேண்டும். அந்தக் குளிர் குறைந்தால் உள்ளே இருப்பதெல்லாம் செத்துவிடும். ரொப்புவது பாபுவின் வேலை. இரண்டு வருஷத்துக்கு முந்தின சங்கராந்தியில் தொடர்ந்து நாலு நாள் லீவு. நைட்ரஜன் வண்டி வரவில்லை.

"தினம் போன் பண்ணேன் மேடம். 'பர்வாலேது, தாங்கும்'னு சொல்லிட்டார் மேனேஜர். அஞ்சாம் நாள் மூடியைத் திறந்தேன். புகை வரணும். எப்பவும் குப்புன்னு மூஞ்சில அடிக்கும். அன்னைக்கு வரல."

"அப்புறம்?"

"தேவா பையனோட பையை மட்டும் தேடி எடுத்தேன். பலகை மாதிரி வெறைச்சு இருக்கணும். கையில மடங்குச்சு. வண்டி வந்ததும் ரொப்பினோம், திரும்பப் புகை வந்துச்சு. 'மூடு, எதுவும் எழுதாதே'ன்னுட்டார் மேனேஜர். பையன் செத்து அப்ப ரெண்டு மாசங்கூட ஆகல மேடம். தேவாகிட்டப் போயி நான் என்னன்னு சொல்வேன்? இது யாருக்கும் வேணாமலே போயிடும்னு நெனச்சேன். அந்தப் பொண்ணுக்கு இப்படி வரும்னு கனவு கண்டேனா?"

"இப்ப எதுக்கு இந்தப் பொய்?"

"பூஜ்யம்னு சொன்னதுலேர்ந்து தேவா சோறு திங்கல. தண்டவாளத்துப் பக்கமா நடக்க ஆரம்பிச்சுட்டான். நேத்து நான் சொன்னதும் எழுந்து போயி ரெண்டு தோசை தின்னானாம் மேடம். பதினாலு நாளாவது தின்னட்டுமே. அதுக்குள்ள ஏதாவது நடக்காதான்னு..."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். கெட்டிக்காரத்தனம் கொஞ்சமும் இல்லாத இந்த மனிதன் பதினாலு நாள் கேட்டான்.

"அந்தப் பதினாலு நாள் ஷர்மிளாகிட்ட இல்ல," என்றாள் வித்யாலட்சுமி. பாதிப் பொருத்தத்தையும், ஐந்து மணிக் கையெழுத்தையும், தேவசகாயம் அவனை நம்பிக் காத்திருக்கத் துணிந்துவிட்டதையும் சொன்னாள்.

பாபுவுக்கு அது எதுவுமே தெரியாது. அவன் தேவசகாயத்தின் காலில் விழுந்தான், அழுதான், ஓடிவந்துவிட்டான். அவர் சொல்ல வந்ததைக் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது கஞ்சிப் பாத்திரத்தில் இருந்து கையை எடுத்து முகத்தில் அறைந்துகொண்டான். கன்னமெல்லாம் கஞ்சி.

"தொட்டியில மொத்தம் எத்தனை பை?" என்றாள்.

"ஆயிரத்து நானூறு."

வித்யாலட்சுமி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "இந்தத் தடவை நிஜத்தை எழுதுங்க. மூடியைத் திறந்ததும் புகை வராததிலிருந்து ஆரம்பியுங்க."

அவன் எழுதி முடித்தபோது தாளின் ஓரம் கஞ்சி பட்டு விறைத்திருந்தது. ஜெகநாதனின் பெட்டியைத் திறக்கச் சாவி கிடைத்துவிட்டது. ஆயிரத்து நானூறு வீடுகளுக்குச் செய்தி போக வேண்டும். போலீஸ் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது, எல்லாம் நடக்கும். ஆனால் ஆறின கஞ்சி பழங்கஞ்சி. ஷர்மிளாவுக்கு இதில் ஒன்றும் உதவாது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு இருபது. வராந்தாவில் தேவசகாயம் டிபன் பாக்ஸில் இருந்த எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, முகத்தில் துணி கட்டிக்கொண்டு, மகளின் பாதத்தைப் பிடித்தபடி அவர் மனைவி அன்னம்மாள் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பாதம் என் உள்ளங்கையில் அடங்கிவிடும்.

எங்களைக் கண்டதும் அவர் எழுந்து நின்றார். வாயில் சோறு இருந்தது.

"நெசந்தானேம்மா?"

வித்யாலட்சுமி சுற்றி வளைக்கவில்லை. அது ஒன்றுதான் அவளால் காட்ட முடிந்த மரியாதை. பாபு பொய் சொன்னான், கஞ்சி நன்றாக இருந்தது, பை இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே செத்துவிட்டது என்று மூன்று வாக்கியத்தில் சொன்னாள். "காத்திருக்காதீங்க. இப்பவே கையெழுத்துப் போடுங்க."

வாயில் இருந்த சோற்றை அவர் விழுங்கச் சிரமப்பட்டார். டிபன் பாக்ஸை மூடி, கொக்கியைச் சரியாக மாட்டி, பெஞ்சின் மேல் வைத்தார்.

"நீங்க பெரிய கெட்டிக்காரின்னு சொன்னாவ," என்றார் கடைசியில். "கொஞ்சம் முட்டாளா இருந்திருக்கப்படாதாம்மா?"

வித்யாலட்சுமி அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஒரு இளம் பெண் டாக்டர் படிவத்தோடு வந்தார். தேவசகாயம் பேனாவை வாங்கிக்கொண்டு கேட்டார். "முப்பதுன்னு சொன்னீயளே டாக்டரம்மா?"

"அது நேத்து சொன்னது," என்றார் டாக்டர். மத்தியானம் காய்ச்சல் இன்னும் ஏறியிருக்கிறது என்றார். இன்றைக்கு எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை. தேவசகாயமும் கேட்கவில்லை. காட்டிய இடத்திலெல்லாம் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பணிமனையில் வேலை முடிந்த சக்கரத்துக்குப் போடுவது போல, ஒவ்வொன்றையும் ஒரு தடவை சரிபார்த்தார்.

டாக்டர் போன பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சார், அந்தப் பைய இனி என்ன செய்வாவ?"

"கேஸ் நடக்கும். சாட்சிக்கு வெச்சிருப்பாங்க."

"அதுக்கப்புறம்? குப்பையில போட்ருவாவளா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன்.

"போட விட்றாதீய சார்," என்றார். "சின்னவனை மண்ணுல வச்சாச்சு. அவனோடதுல அது ஒண்ணுதான் வெளியே கெடக்கு. கேட்டு வாங்கித் தாங்க, அவன்கிட்டயே வச்சிருதேன்."

வாங்கித் தருகிறேன் என்று தலையை ஆட்டினேன். அவர் டிபன் பாக்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு, கண்ணாடிக் கதவுக்கு வெளியே போய் நின்று, அன்னம்மாள் திரும்பிப் பார்ப்பதற்காகக் காத்திருந்தார்.